ஏற ஐந்து வாய், இறங்க இரண்டு

வயாபாட்டா,
9 மார்ச் 1997

வில்பர்,

ஃபோர்த்துனாத்தா இறந்து மூன்று வாரம் ஆகிறது. லெயோன்சியோவின் மனைவி, உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். லாரி டிரைவர் உன்னிடம் சொல்லியிருப்பான் என்று காத்திருந்தேன். நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்று அவன் சொல்லவில்லை, இல்லையென்றால் உனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டாவதாக இருந்தால் நல்லது.

காலை எட்டு மணிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. லெயோன்சியோ மாயோபம்பாவுக்கு இறங்கி ஓடினான். அவன் போய்ச் சேர, கோகா இலை இரண்டு வாய் மெல்லும் நேரம் ஆனது. நர்ஸ் மரிபெல் கேட்ட நிமிடமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடற்கரை ஊரில் வளர்ந்த பெண், மழை, சேற்றில் கால் நிற்காத ஏற்றம். அவள் வாசலில் வந்து நின்றபோது மணி ஒன்றரை. ஃபோர்த்துனாத்தா பன்னிரண்டு மணிக்கே போய்விட்டாள்.

"எங்கயும் உக்காரலம்மா, ஒரு நிமிஷம்கூட உக்காரல" என்று அந்தப் பெண் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு நான்தான் தேறுதல் சொன்னேன்.

நேற்று மாயோபம்பா போனேன். நர்ஸின் அறைச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. பதினெட்டு ஊர் பக்கவாட்டில், பதினெட்டு ஊர் மேலே, கட்டங்களில் எண்கள். கீழே உன் பெயர். 'உங்க தம்பி போட்ட கணக்கு' என்று மரிபெல் பெருமையாகக் காட்டினாள். வயாபாட்டாவிலிருந்து மாயோபம்பாவுக்கு இரண்டு வாய் என்று இருந்தது. சரிதான். மாயோபம்பாவிலிருந்து வயாபாட்டாவுக்கும் இரண்டு வாய் என்று இருந்தது.

வில்பர், நான் ஐந்து என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதம் நடந்தும், போய்வந்தவர்களை நிறுத்திக் கேட்டும், ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு ஊருக்கும் போக எத்தனை வாய், திரும்ப எத்தனை வாய் என்று முன்னூற்றாறு வரி எழுதி உன் கையில் கொடுத்தேன். அந்த ஐந்து எங்கே போனது?

எர்மெலிந்தா


அரேகிபா,
2 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்கா,

ஃபோர்த்துனாத்தா விஷயம் உன் கடிதத்தில்தான் தெரிந்தது. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. லெயோன்சியோவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் நீ எழுதியிருக்கும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தாய்நலத் திட்டத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. முதலில் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து ஊருக்கு ஊர் நேர்கோட்டில் அளக்கத்தான் சொன்னார்கள். அப்படி அளந்தால் வயாபாட்டாவுக்கும் மாயோபம்பாவுக்கும் நடுவே இரண்டரை கிலோமீட்டர். நான்தான் எழுந்து நின்று, "சார், எங்க ஊர்ல யாரும் கிலோமீட்டர்ல நடக்கிறதில்ல, கோகா இலைய வாயில அடக்கி நடப்பாங்க, அது சக்கையாகிற வரைக்கும் ஒரு வாய்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்ஜினியர் தலவேரா மட்டும், "ஒரு வாய்ன்னா எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். "முக்கால் மணி" என்றேன். அப்படித்தான் உனக்கு அந்த வேலையே வந்தது. அதை மறந்துவிடாதே.

கட்டத்தைப் பற்றி. புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிடும்போது, ஒன்றிலிருந்து இரண்டுக்கு எவ்வளவோ இரண்டிலிருந்து ஒன்றுக்கும் அவ்வளவுதான். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் கம்ப்யூட்டர் பாதி அட்டவணையை மட்டும்தான் கேட்கும். சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குப் போகும் தூரத்தைக் கொடுத்தால், மறுபாதியை அதுவே பார்த்து நிரப்பிக்கொள்ளும். முன்னூற்றாறில் நூற்றைம்பத்து மூன்று போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. ஊர்களுக்கு எண் போட்டது நீ. நம் ஊரில் தொடங்கி, அதை ஒன்று என்று போட்டு, மேலிருந்து கீழே இறங்கி இறங்கிப் போய், ஆற்றோரத்தில் மாயோபம்பாவைப் பதினெட்டு என்று முடித்தாய். அதனால் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குப் போவதெல்லாம் இறக்கம். கீழே தொடங்கி எண் போட்டிருந்தால் ஏற்றம் எல்லாம் கணக்கில் வந்திருக்கும். என் தலையில் மட்டும் போடாதே.

உன் மகள் யேனி எப்படி இருக்கிறாள்? அவள் புருஷன் சுரங்கத்திலிருந்து எழுதுகிறானா?

உன் தம்பி,
வில்பர்


வயாபாட்டா,
20 ஏப்ரல் 1997

வில்பர்,

உன் கடிதத்தை நம் சமையலறையில் வைத்து சத்தமாகப் படித்தேன். 'கீழே தொடங்கி எண் போட்டிருந்தால்' என்ற இடம் வந்ததும் யேனி, "மாமா பட்டணத்துக்குப் போய் நல்லா தேறிட்டாரு" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் வெளியே போய் அழுதேன்.

என் வீடு மேலே இருக்கிறது. காலையில் எழுந்து என் வீட்டிலிருந்துதான் நடக்க முடியும். உன் கம்ப்யூட்டரின் வசதிக்காக முதல் நாளே ஆற்றோரத்தில் போய்ப் படுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நீ சொன்னாயா? எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு பென்சிலும் கொடுத்தாய். 'எல்லாத்தையும் எழுதுக்கா, எதையும் விட்டுடாத' என்றாய். நான் விடவில்லை. விட்டது நீ.

உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறாய். உலகம் முழுக்கச் சமவெளியா? நீ பிறந்தது இந்தச் சரிவில். பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது ஆடிக்கொண்டு போவாய், திரும்பி ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு 'தூக்கிக்கோ' என்பாய். உன் புத்தகப் பையையும் உன்னையும் தூக்கிக்கொண்டு ஏறியவளிடம், போவதும் வருவதும் ஒரே தூரம் என்று எழுதுகிறாய்.

உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே பிரசவத்துக்கு எந்தப் பெண்ணும் இறங்கிப் போவதில்லை. வலி வந்தவளை அந்தப் பாதையில் எப்படி இறக்குவது? நர்ஸ்தான் ஏறி வர வேண்டும். அதாவது உங்கள் திட்டத்துக்குத் தேவைப்பட்டதே ஏற்றத்தின் கணக்கு மட்டும்தான். நீ தூக்கி எறிந்தது அந்தப் பாதியை.

நோட்டில் எழுதியதெல்லாம் என் நினைவில் இருக்கிறது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மாயோபம்பாவிலிருந்து நர்ஸ் இரண்டு வாய்க்குள் ஏறிப் போகக்கூடிய ஊர் நான்கு. வயாபாட்டாவில் இருந்தால் ஏழு. மேட்டுநில ஊர்கள் எல்லாம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நர்ஸ் இங்கே இருக்க வேண்டும்.

யேனிக்கு ஆகஸ்ட் நடுவில் பிரசவம். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் உன்னிடம் பிச்சை கேட்பது போல இருக்குமே என்று விட்டேன். இப்போது கேட்கிறேன். அட்டவணையைத் திருத்து.

எர்மெலிந்தா


அரேகிபா,
11 மே 1997

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன்.

போன கடிதத்தில் உன்னிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பாதி அட்டவணைதான் கேட்டது என்பது நிஜம். ஆனால் முழு அட்டவணையையும் கொடுக்க வழி இருந்தது. கொஞ்சம் கூடுதல் வேலை, ஒரு வாரம் பிடித்திருக்கும். நான் இன்ஜினியரிடம் போய், "சார், எங்க ஊர்ல போற தூரம் வேற, வர்ற தூரம் வேற" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வில்பர், தலைநகரத்துக்கு அனுப்பப் போற அறிக்கையில இப்படி எழுதினா, மலைக்காரனுங்களுக்குத் தூரம்கூட அளக்கத் தெரியலன்னு சிரிப்பாங்க. நீயும் மலைக்காரன்தானே, உனக்கே அசிங்கம் இல்லையா?" என்றார்.

எனக்கு அசிங்கமாகத்தான் இருந்தது. வாய் என்று சொன்னபோது அறை முழுக்கச் சிரித்தது இன்னும் காதில் இருந்தது. இரண்டாவது முறை சிரிப்பு வாங்க எனக்குத் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை பாதி அட்டவணையைக் கொடுத்தேன், மறுபாதி தானாக நிரம்பியது. பார்க்க அழகாக இருந்தது, அக்கா. மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். எல்லாரும் கைகொடுத்தார்கள். உன் ஐந்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

ஃபோர்த்துனாத்தாவை நினைக்காத நாள் இல்லை. அதை எழுதினால் நீ நம்பப் போவதில்லை.

திருத்தச் சொல்கிறாய். திருத்தினால் என் வேலை போகலாம். அது ஒரு காரணம், மறைக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அவசரப்படாமல் யோசித்துப் பார். சரியான அட்டவணை உனக்கும் பிடிக்காமல் போகலாம்.

வில்பர்


வயாபாட்டா,
30 மே 1997

வில்பர்,

எனக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பது உன் கவலை இல்லை. என்ன விஷயம் என்று நேராகச் சொல்லத் தெரியாதவன், பூடகமாகப் பேசி என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறாய். சின்ன வயதில் தட்டை உடைத்துவிட்டு, 'அந்த ரூமுக்குப் போகாத, உனக்குப் பிடிக்காது' என்பாயே, அதே ஆள்.

நீ பார்த்துவிட்டுத்தான் விட்டாய் என்று எழுதியதை மூன்று முறை படித்தேன். தெரியாமல் செய்தாய் என்றே இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

லெயோன்சியோ நேற்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உன் கடிதம் அவனுக்குக் கிடைத்ததாம். "வில்பர் நல்லா எழுதியிருக்கான்க்கா, அழுகையே வந்துடுச்சு" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். உனக்காக நான் ஏன் ஒளிய வேண்டும்?

ஜூன் முடிவதற்குள் முழு அட்டவணையையும் அந்த இன்ஜினியர் மேசையில் வை. இல்லையென்றால் லெயோன்சியோவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நான் உன் அலுவலகத்துக்கு வருவேன். அங்கே எல்லார் முன்னாலும், ஏறுவதும் இறங்குவதும் ஒன்றா என்று உன்னைக் கேட்பேன். அப்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

யேனிக்குக் கால் வீங்குகிறது.

எர்மெலிந்தா


அரேகிபா,
19 ஜூன் 1997

அக்கா,

வைத்துவிட்டேன். ஒன்பது நாள் உட்கார்ந்து, உன் நோட்டிலிருந்து முன்னூற்றாறு வரியையும் ஏற்றினேன். பென்சில் அழிந்திருந்த இடங்களில் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ஒரு பக்கத்தில் நீ, 'இந்த வழியில் ஒரு கிழவர் என்னைத் திட்டினார், ஆனாலும் மூன்று வாய்' என்று எழுதியிருக்கிறாய். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நான்கு வருடத்தில் ஊரை இவ்வளவு நெருக்கமாக நான் பார்த்ததில்லை.

இன்ஜினியரிடம் முதல் அட்டவணை தப்பு, தப்பு என்னுடையது என்று எழுத்திலேயே கொடுத்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பக்கங்களைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு, "சரி, விதிப்படி பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த விதியைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வந்தேன், போன கடிதத்தில் கோழைத்தனமாக மென்று விழுங்கிவிட்டேன். ஒரு இடத்தில் நர்ஸ் வைக்க வேண்டுமென்றால், அங்கிருந்து இரண்டு வாய்க்குள் பத்து ஊராவது இருக்க வேண்டும். பழைய அட்டவணையில் மாயோபம்பாவுக்குப் பதினொன்று வந்தது. புதிய அட்டவணையில் அதற்கு நான்கு, வயாபாட்டாவுக்கு ஏழு. நீ எண்ணியது சரி. ஆனால் ஏழு பத்தாகாது.

பார்க்கலாம். விதியைத் தளர்த்துவார்கள் என்று நம்புகிறேன். உன் தம்பி முதல் தடவையாக நிமிர்ந்து நடந்துபோய் ஒரு நல்ல காரியம் செய்தான் என்றாவது நினைத்துக்கொள்.

வில்பர்


வயாபாட்டா,
8 ஜூலை 1997

வில்பர்,

மரிபெல் போய்விட்டாள். திங்கட்கிழமை லாரியில், மருந்துப் பெட்டி, கட்டில், சுவரில் இருந்த தாள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 'இந்தப் பள்ளத்தாக்கு திட்டத்துக்குத் தகுதியில்லை' என்று ஒரு காகிதம் படித்தார்கள். அவளை வேறு மாகாணத்துக்கு அனுப்புகிறார்களாம், சமவெளியாம். லாரியில் ஏறும்போது என்னைத் தேடி வந்து, "உங்க தம்பிதான் தப்பக் கண்டுபிடிச்சு சொன்னாராமே, ரொம்ப நேர்மையானவரு" என்றாள். குத்திச் சொன்னாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா தெரியவில்லை.

அவள் போனபிறகு மாயோபம்பாவில் பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "உன்ன யாருடி கேட்டா?" என்றாள் ஒருத்தி. "கீழ இருந்தவளயும் தொரத்திட்டே" என்றாள் இன்னொருத்தி. லெயோன்சியோ மட்டும்தான் என் பக்கத்தில் நின்றான். அவன் நின்றதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

'பிடிக்காமல் போகலாம்' என்று எழுதினாய். நர்ஸ் போய்விடுவாள் என்று எழுதினாயா? விதி உனக்கு முதலிலேயே தெரியும். ஒரு வரி, வில்பர். ஒரே ஒரு வரி நேராக எழுதியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். யேனியை இந்த மாதக் கடைசியிலேயே கீழே இறக்கி, மரிபெல் அறைக்குப் பக்கத்தில் யார் வீட்டுக் கொட்டிலிலாவது படுக்க வைத்து, நேரம் வரும்வரை கூடவே உட்கார்ந்திருப்பேன். இப்போது இறங்கினாலும் அங்கே யார் இருக்கிறார்கள்? உன்னிடம் அனுப்பலாம் என்றால், பதினாறு மணி நேரம் லாரியில் குலுங்கி வருகிற நிலையில் அவள் இல்லை. கால் மட்டுமல்ல, இப்போது முகமும் வீங்குகிறது.

அதனால் இதைக் கேட்கிறேன். கேட்க நாக்கு கூசுகிறது, எழுத்தில் என்பதால் கேட்கிறேன். பழைய அட்டவணைதான் சரி என்று சொல். இரண்டாவதுதான் தப்பு என்று எழுதிக் கொடு. காரணம் என்ன வேண்டுமானாலும் சொல், யார் மேல் வேண்டுமானாலும் போடு. அந்தப் பொய்யில் எங்களுக்கு ஒரு நர்ஸ் இருந்தாள். ஏறி வர நேரமாகும், ஆனால் இருந்தாள்.

உன்னை உண்மை சொல்லவைத்தவளும் நான்தான், இப்போது பொய் சொல்லச் சொல்பவளும் நான்தான். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். செய்.

எர்மெலிந்தா


அரேகிபா,
24 ஜூலை 1997

அக்கா,

மரிபெல் ஜூலை 31 லாரியில் மாயோபம்பாவுக்குத் திரும்பி வருகிறாள். மருந்துப் பெட்டியும் வருகிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே யேனியை மெதுவாக இறக்கு, ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு நாள் எடுத்துக்கொள். முக வீக்கத்தைப் பற்றி மரிபெலிடம் முதல் வேலையாகச் சொல். இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன், அதைச் சாதாரணமாக விடக் கூடாதாம்.

எப்படி நடந்தது என்றும் உனக்குத் தெரிய வேண்டும். வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

இரண்டாவது அட்டவணை தப்பு என்று சும்மா சொன்னால் போதவில்லை. நானே ஒன்பது நாள் உட்கார்ந்து போட்டது, எங்கே தப்பு என்று கேட்டார்கள். கூட்டலில் தப்பு இல்லை என்று அவர்களே சரிபார்த்துவிட்டார்கள். அப்படியென்றால் தப்பு நோட்டில்தான் இருக்க வேண்டும். அதனால் இப்படி எழுதிக் கொடுத்தேன்: களத்தில் குறிப்பெடுத்த எர்மெலிந்தா தைப்பே, தன் சொந்த ஊருக்கு நர்ஸ் வர வேண்டும் என்பதற்காக, ஏறும் நேரங்களை எல்லாம் வேண்டுமென்றே கூட்டி எழுதியிருக்கிறார். அவருடைய குறிப்புகளை இனி எதற்கும் பயன்படுத்த வேண்டாம். கையெழுத்துப் போட்டேன். நோட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். அதன் அட்டையில் 'நம்பத் தகாதது' என்று சிவப்பு முத்திரை குத்தி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இன்ஜினியர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "தைப்பேன்னா, உனக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"அக்கா" என்றேன்.

"பாவம்ப்பா நீ" என்று தோளில் தட்டினார். "வேலை உனக்கு இருக்கு, கவலப்படாத. படிக்காத பொம்பளைங்கள நம்பி அனுப்பினா இப்படித்தான், இல்லையா?"

நான் "ஆமா சார்" என்றேன்.

வில்பர்